பணம் கட்டியவரின் கருத்து

குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர் சூப்பில் உப்பில்லை என்று முனகினால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். இவனைப் பெற்றதற்குப் பதில் ஒரு புகார்ப் பெட்டியை வாங்கி வாசலில் மாட்டியிருக்கலாம் என்று அம்மா சொல்வாள். எனக்கு அமைந்த வேலையும் அப்படித்தான் அமைந்தது. ஆகவே நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, டாக்டரம்மா. நீங்கள் அரசு வழக்கறிஞர் என்றாலும் வராந்தாவில் எல்லோரும் உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

என் பெயர் டெர்லிஸ் அகினோ. சுனில்டா விஷயமாக எங்கள் ஆபீசில் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். அவள் கணவர் எலிஹியோவிடம் எங்கள் ஆபீசிலிருந்து யாரோ பேசியிருக்கிறார்கள், அது யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே. நிரல் எழுதும் பிளாஸ்தான் பேசியிருப்பான் என்று எங்கள் முதலாளி நிமியா நினைக்கிறார். பிளாஸை விட்டுவிடுங்கள். அவனுக்கு இதில் தெரிந்தது ஒரு கதவைப் பற்றி மட்டும்தான். அந்தக் கதவையும் சொல்கிறேன்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்ததற்குக் காரணமே இல்லாதது போலத் தெரியும். நாங்கள் செய்வது ஓர் ஆற்றுக் கேம். பெயர் இரெம்பே. கரை என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியாததில்லை. இணையத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஆற்றில் படகு விடுவார்கள், கரையில் வீடு கட்டுவார்கள், சரக்கு ஏற்றுவார்கள். கேம் இன்னும் முடியவில்லை. முடியாததைத்தான் விற்கிறோம். அது மோசடி இல்லையா என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அதற்கு ஏர்லி ஆக்சஸ் என்று பெயர். வீடு கட்டி முடிப்பதற்கு முன்பே குடிவருகிறவர்கள் இல்லையா? சுவரில் பூச்சு இருக்காது, குழாயில் தண்ணீர் வராது. ஆனால் ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவர்களிடம் கேட்போம். அப்படிக் கேட்பதற்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். உலகத்தில் எத்தனை பேரிடம் யார் எதைக் கேட்கிறார்கள், சொல்லுங்கள். கேட்பதற்கென்று எங்கள் ஆபீசில் ஒரு நாற்காலி உண்டு, அதில் உட்கார்ந்திருந்தவன் நான்.

எங்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒரு கோளாறை ஒரே ஆள் சொன்னால் அது கோளாறு ஆகாது, இன்னொருவரும் பார்த்துச் சொல்ல வேண்டும். இது எல்லாக் கேம் கம்பெனியிலும் உள்ளதுதான். மற்றது நிமியா கொண்டுவந்தது. லூக்கே ஊரில் ஒரு கேம் கணக்கை அண்ணன் தம்பி இருவரும் பங்குபோட்டு விளையாடினார்கள். அண்ணனுக்கு முதலை ரொம்ப மெதுவாக இருந்தது. தம்பிக்கு முதலை துரத்தித் துரத்தி உயிரை எடுத்தது. இரண்டும் ஒரே பெயரில் வந்ததால் பிளாஸ் இரண்டையும் செய்து கொடுத்தான். முதலை நின்ற இடத்திலேயே நின்று நடுங்க ஆரம்பித்தது. ஒரு மாத வேலை வீண். அன்றைக்கு நிமியா தெரெரே குடித்துக்கொண்டிருந்த குவளையை மேசையில் ணங்கென்று வைத்துச் சொன்னார்: இனிமேல் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, பணம் யார் கட்டினாரோ, அவர் சொல்வதுதான் கருத்து. கூட உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதெல்லாம் வெறும் பேச்சு. எனக்கு அது நியாயமாகவே பட்டது. இப்போதும் படுகிறது.

எலிஹியோ ஒவெலார் இருப்பதிலேயே பெரிய தொகையைக் கட்டிச் சேர்ந்தவர். ஊர் காகுவாசு பக்கம். இணையக் கம்பி இழுக்கும் கான்ட்ராக்டர். அவர் கணக்கில் வந்த படகுக்கு மைனும்பு என்று பெயர் வைத்திருந்தது. ஒரு கான்ட்ராக்டர் தன் படகுக்குத் தேன்சிட்டு என்று பெயர் வைப்பானா என்று பிளாஸ் சிரித்தான். அந்தப் படகு காலையில் ஆற்றில் இறங்கினால் பொழுது சாயும் வரை கரை ஏறாது. கேமுக்குள் ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். எங்கே குறை தெரிகிறதோ அங்கே அதை அழுத்தினால் ஒரு சிவப்புக் கொடி விழும், நாங்கள் போய்ப் பார்த்துக்கொள்வோம். மைனும்பு நட்ட கொடிகளில் ஒன்றுகூட வீண் போகவில்லை. கயிறு மரத்துக்குள் புகுந்து வெளியே வருகிற இடம், நிழலே விழாத தோணி, கொடியில் காய்ந்தபடி, தண்ணீர் ஏறியும் நனையாத துணி. சம்பளம் கொடுத்து வைத்திருந்தவன்கூட அப்படிப் பார்க்கமாட்டான்.

ஆகவே மைனும்புவைப் பேச்சுச் சோதனைக்குக் கூப்பிட்டேன். கேமுக்குள்ளேயே மைக்கில் பேசுகிற வசதியை அப்போதுதான் சேர்த்திருந்தோம். விளையாடிக்கொண்டே என்ன தோன்றுகிறதோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலைந்து பேர் கொண்ட குழு. மைனும்பு பேசியதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், பெண் குரல். தான் எலிஹியோவின் மனைவி சுனில்டா என்றும், கணக்கு அவர் பெயரில் இருந்தாலும் விளையாடுவது தான்தான் என்றும் சொன்னாள். விதிப்படி நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நான் அவ்வளவு கறாரான ஆள் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அவள் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வாய் துடுக்கு. முதல் நாளே, "அண்ணா, உங்க கோழி ஏன் பின்னாடியே நடக்குது? மாமியாரப் பாத்துடுச்சா?" என்றாள். இன்னொரு நாள், இவ்வளவு பெரிய ஆற்றில் ஒரு கொசுகூட இல்லையே, இதை வரைந்தவர் ஆற்றுப் பக்கம் ஒதுங்கினதே இல்லையா என்று கேட்டாள். அசுன்சியோனை விட்டு வெளியே போகாத பிளாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. மறுவாரமே கொசு போட்டோம். விளையாடுகிறவர்கள் தங்களை அறியாமல் கையைத் தட்டிக்கொள்வதாக எழுதினார்கள். நிமியா என் முதுகில் தட்டினார். நான் சந்தோஷமாக இருந்தேன், டாக்டரம்மா. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஒரு நாள் மதியம், குழுவில் மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஆற்றில் இருந்தாள்.

"மத்தவங்க போயிட்டாங்களா அண்ணா?"

போய்விட்டார்கள் என்றேன்.

"அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்காரரோட வேலை பாக்குறவரு. அதான் இத்தன நாளா வாயத் தொறக்கல. இவரு காலைல வெளிய பூட்டிட்டுப் போயிடறாரு அண்ணா. போனப் புடுங்கி வெச்சிக்கிட்டாரு. இந்தக் கம்ப்யூட்டர்ல உங்க கேமத் தவிர எதுவும் வராத மாதிரி பண்ணி வெச்சிருக்காரு. சுத்தி வெறும் சோயாக் காடு, கத்தினாலும் கேக்க ஆளில்ல. போன மாசம் வேலியத் தாண்டப் பாத்தேன், கைய ஒடச்சிட்டாரு. போலீஸ்ல சொல்லுங்கண்ணா. யார்கிட்டயாவது சொல்லுங்க."

எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. சில வாரங்களாக மைனும்பு படகு ஒரே பக்கமாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. சுக்கான் கோளாறு என்று பிளாஸிடம் நானே சொல்லி, அவன் சுக்கானைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தான். கோளாறு சுக்கானில் இல்லை, அவள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வேலை மிச்சமானதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

"குறிச்சுக்கறேம்மா" என்றேன். பிறகு வடக்குப் படித்துறையில் மாற்றிய கயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.  கயிறு நன்றாக இருக்கிறது என்றாள் அவள்.

நான் அதை அப்படியே விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு ஆள் சொன்னால் போதாது, இன்னொருவரும் சொல்ல வேண்டும் என்றேனே. அடுத்த சோதனையில் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன், வீட்டை விட்டு வெளியே வர முடியாத பிரச்சினை வேறு யாருக்காவது இருக்கிறதா என்று. என்கார்னசியோனிலிருந்து ஒருவர், ஆமாம், வெள்ளம் வந்தால் கேமில் தன் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறது என்றார். இன்னும் இருவர் ஆமோதித்தார்கள். பிளாஸ் வாரம் முழுக்கக் குந்தி அந்தக் கதவைச் சரிசெய்தான். அவன் சம்பந்தப்பட்டது இதோடு முடிந்தது. நான் கேட்ட கேள்வி யாருக்காக என்பது சுனில்டாவுக்குத் தெரிந்திருக்கும், அவளும் அப்போது லைனில்தான் இருந்தாள். 

அவள் சொன்னது பொய் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பது எனக்குப் பிடிக்காது. முதல் நாளே நம்பினேன். ஆனால் அது வெள்ள அத்தியாயம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். சான் ஹுவான் திருவிழாவுக்குள் அது ஒழுங்காக வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று நிமியா எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். வெள்ளத்தில் இருந்த குறைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தது சுனில்டா. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? நாள் முழுக்க விளையாடினாள். எப்படி நாள் முழுக்க விளையாட முடிந்தது? வேறு போக்கிடம் இல்லை. யாராவது போய் அந்தப் பூட்டை உடைத்தால் அவள் அன்றைக்கே வில்லாரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள். அப்புறம் நம் ஆற்றில் எதற்கு இறங்கப்போகிறாள்? எனக்குப் பயமாக இருந்தது, டாக்டரம்மா. வெள்ள அத்தியாயத்தை நினைத்துப் பயமாக இருந்தது.

அவளுக்கு என்னால் ஆனதைச் செய்தேன். படகுக்கு மஞ்சள் வண்ணம் கொடுத்தேன். அந்த வண்ணம் யாருக்கும் கொடுக்காதது. ஆற்றில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லபாச்சோ மரம் வைக்கச் சொன்னேன், வருஷம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும்படி. குழுவில் இருந்த அவள் கணவரின் ஆள் காதில் விழாமல் அவள் தாராளமாகப் பேசட்டும் என்று குழுவிலிருந்து பிரித்து அவளுக்கு மட்டும் மதிய நேரத்தில் தனியாகச் சோதனை வைத்தேன். ஆபீசில் எல்லோரும் தூங்கும் நேரம், நான் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அதனால் அவள் சொன்னதை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் மறுக்க முடியாது.

அவள் மறுபடி மறுபடி கேட்டாள். திட்டவில்லை, அழவுமில்லை. அழுதிருந்தால் ஒருவேளை எனக்கு எரிச்சல் வந்திருக்கும். போலீஸுக்குப் போக எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, அப்படியானால் அக்காவிடம் மட்டும் சொல்லுங்கள் என்றாள். அக்கா பெயர் எர்மினியா. வில்லாரிக்கா பஸ் நிலையத்தில் கூடையோடு நின்று சீப்பா ரொட்டி விற்பாள், பச்சை ஏப்ரன் கட்டியிருப்பாள், எர்மினியா என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். "நீங்க காசபாவுக்கு அம்மாவப் பாக்க அந்த வழியாத்தான போவீங்க? பஸ்ஸுலேருந்து எறங்கக்கூட வேணாம் அண்ணா. ஜன்னல் வழியாவே சொல்லிடலாம்."

புனித வாரத்துக்கு ஊருக்குப் போனபோது உண்மையிலேயே அந்த வழியாகத்தான் போனேன். பஸ் வில்லாரிக்காவில் நின்றது. பச்சை ஏப்ரன் கட்டிய பெண் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். முகச்சாயல் எப்படி என்று எனக்குத் தெரியாது, நான் சுனில்டாவைப் பார்த்ததில்லை. குரல் அச்சாக அதே குரல்.

"சூடா இருக்கு தம்பி, இப்பத்தான் அடுப்புலேருந்து எறக்கினது. எத்தன வேணும்?"

அம்மாவுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது, சீஸ் தாராளமாகப் போட்டிருந்தாள். பஸ் கிளம்பியது.

திரும்பி வந்ததும் சுனில்டாவிடம் அக்காவைப் பார்த்ததாகச் சொன்னேன். நான் சொல்லாமல் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஆள் ஆரோக்கியமாக இருக்கிறாள், வியாபாரம் நன்றாகப் போகிறது என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது மைக்கில் கேட்டது.

"அவகிட்ட சொன்னீங்களா அண்ணா?"

கூட்டமாக இருந்தது என்றேன்.

அதற்குப் பிறகும் அவள் குறைகளைச் சொல்வதை நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நான் சந்தோஷப்பட்டால் மனம் இளகுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, முன்னைவிட அதிகமாகவே சொன்னாள். தண்ணீர் கூரையை எட்டும்போது ஓட்டிடுக்கில் குமிழி வர வேண்டும் என்றாள். மாடுகள் அப்படி அசையாமல் நின்று மூழ்காது, கழுத்தை மேலே தூக்கிக்கொண்டு கடைசிவரை நீந்தும் என்றாள். சின்ன வயதில் அவள் ஊரில் வெள்ளம் வந்ததாம். பிளாஸ் மாடுகளை மாற்றினான். பார்த்துவிட்டு நிமியா எழுந்து வெளியே போய்விட்டார், கண் கலங்கிவிட்டது.

இப்போது எலிஹியோவின் போனுக்கு வருகிறேன். ஒரு மதியம் ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டார், நான்தான் எடுத்தேன். மிக மரியாதையான மனிதர், எடுத்தவுடன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேனா என்று மன்னிப்புக் கேட்டார். முந்தின நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்திருக்கிறார், உள்ளே மனைவி யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டிருக்கிறது. கேட்டதற்குக் கேமில் வரும் குரல் என்றிருக்கிறாள். "நான் வாங்கறப்ப இதுல பேசற வசதி இல்லீங்களே. அவ வீட்டுல பொழுது போகாம தவிக்கக் கூடாதுன்னுதான் காசு கட்டினேன். பேசறதுக்கில்லீங்க" என்றார்.

பணம் கட்டியவர் அவர். கணக்கு அவர் பெயரில். இத்தனை மாதத்தில் அந்தக் கணக்கிலிருந்து வந்த முதல் கருத்து அதுதான், விதிப்படி பார்த்தால். நான் அவருக்கு நன்றி சொன்னேன். பேச்சு வசதி சோதனைக்காகச் சேர்த்தது, வேண்டாம் என்று பயனாளர் கேட்டால் அடுத்த பதிப்பில் அந்தக் கணக்குக்கு எடுத்துவிட முடியும் என்றேன். அவர் திருப்திப்பட்டார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. என்னதான் பேசுகிறாள் என்று கேட்டார்.

பெரும்பாலும் கயிறுகளைப் பற்றி என்றேன். அது உண்மை.

"பெரும்பாலும்னா?" என்றார்.

உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில், டாக்டரம்மா. நான் சொன்னேன். பூட்டு, போன், கை, போலீஸ், பச்சை ஏப்ரன், எல்லாவற்றையும் அவள் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். வாடிக்கையாளரிடம் பொய் சொல்வது எங்கள் வழக்கமில்லை. அதோடு நான் யோசித்ததும் ஒன்று உண்டு. மழுப்பினால் அவருக்குச் சந்தேகம் வரும், கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்விடுவார், வெள்ளம் பாதியில் நின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பேச்சை நான் எடுத்துவிடுகிறேன், நீங்கள் கம்ப்யூட்டரை மட்டும் சான் ஹுவான் வரை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவள் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்கே நிற்கிறாள், எங்கே திரும்புகிறாள் என்பது எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும், கொடியும் நடலாம். அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார், கம்ப்யூட்டரை எடுக்கவில்லை.

மறுநாள் பேச்சை எடுத்தேன். அதற்கடுத்த நாள் காலையில் மஞ்சள் படகைச் சுற்றித் தண்ணீரே தெரியாத அளவுக்குச் சிவப்புக் கொடி. பிளாஸ் ஒவ்வொரு கொடியாகப் போய்ப் பார்த்தான். ஒன்றுமில்லை, தண்ணீர் நன்றாக இருந்தது. இது என்ன பைத்தியம் என்று என்னைக் கேட்டான். விரல் பட்டிருக்கும், அழித்துவிடு என்றேன். அழித்தான். மதியம் பார்த்தால் மறுபடி கொடி. மறுபடி அழித்தோம். அதன் பிறகு அந்தப் படகு நகரவில்லை.

வெள்ள அத்தியாயம் திருவிழாவுக்கு முன்பே வந்தது, எல்லோரும் கொண்டாடினார்கள். அவளைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்ததைச் செய்தியில் பார்த்தபோது ஆபீசில் வாழ்த்து மடல்கள் வந்துகொண்டிருந்தன. எனக்குத் துக்கமாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கேமின் கடைசியில் நன்றி சொல்கிற பட்டியலில் சுனில்டா பெயர் வர வேண்டும் என்று நிமியாவிடம் நான் ஒருவன்தான் வாதாடினேன். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர்தான் போட முடியும் என்று சொல்லிவிட்டார். எலிஹியோ ஒவெலார் என்று போட்டிருக்கிறோம். நீங்கள் அவரைக் கைது செய்த பிறகு எடுக்கலாமா என்ற பேச்சு வந்தது, இன்னும் முடிவாகவில்லை.

பேச்சை எடுத்த அந்த நாளைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காததையும் சொல்வதுதான் முறை. புதிய பதிப்பு வெளியிடும்போது ஆற்றில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வெளியிடுவோம். அவள் அன்று வழக்கம்போல மதியம் வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது, உதட்டில் அடிபட்டது போலச் சில எழுத்துகள் சரியாக வரவில்லை.

"அண்ணா, அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

கணக்குக்காரர் கேட்டார், சொன்னேன் என்றேன்.

"சரி. போனது போகட்டும். இன்னிக்கு சாயங்காலம் வந்ததும் பேசிக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவரு பேசிக்கறேன்னா என்னன்னு எனக்குத் தெரியும். இன்னும் நேரம் இருக்குண்ணா. காகுவாசு போலீஸ் இங்கேருந்து அரை மணிதான். ஒரே ஒரு போன் பண்ணுங்க. பேர்கூடச் சொல்ல வேணாம்."

போன் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரலை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, டாக்டரம்மா. அதுதான் நிஜம். எவ்வளவோ பேர் கத்தியிருக்கிறார்கள், நான் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, பேச்சில்லாத புதிய பதிப்பை வெளியிடும் பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் அண்ணா என்று ஆரம்பித்தாள், பாதிச் சொல்லில் நின்றுபோனது. பிறகு நான் குவளையைக் கழுவி வைத்துவிட்டு, எல்லோரையும் எழுப்பினேன்.

நான் அவளைக் கைவிட்டேன் என்று உங்கள் உதவியாளர் எழுதுகிறார், இங்கிருந்தே தெரிகிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கணவன் இருந்தார், அக்கா இருந்தாள், போலீஸ் இருந்தது, ஆனால் கடைசி நிமிஷம் வரை அவள் நம்பிக் கூப்பிட்டது என்னை ஒருவனைத்தான்.